கடையில் சொல்லாதே

எங்கள் அப்பாவின் மருந்துக்கடை தேரடி வீதியில், பெரிய கோபுரம் தெரிகிற இடத்தில் இருந்தது. கடையின் பின்சுவரில், சாமி படங்களுக்கும் மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் தொங்கும். அது அப்பாவுடையது அல்ல. வெளியூரில் இருந்த ஒரு பார்மசிஸ்ட்டுடையது. முறையாகப் படித்தவர் ஒருவர் பேரில்தான் மருந்துக்கடை நடத்த முடியும். அப்பா படித்தது எட்டாவது. அதனால் அந்த மனிதரின் படிப்பை வாடகைக்கு எடுத்து மாட்டி வைத்திருந்தார்.

அவர் எப்போதாவது வருவார். அப்பாவைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனாலும் அவர் வாசலில் தெரிந்ததும் அப்பா எழுந்து நின்று தன் நாற்காலியைக் கொடுப்பார். அவர் காபி குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருப்பார். அவர் போன பிறகு சட்டத்தைக் காட்டி என்னிடம் சொல்வார்: "அந்த எடத்துல உன் பேரு வரணும்டா."

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கடலை போடுகிற குடும்பம் எங்களுடையது. பெரியப்பாக்கள் எல்லாரும் நிலத்தோடு நின்றுவிட்டார்கள். அப்பா மட்டும் சின்ன வயதிலேயே டவுனுக்கு வந்து, யாரோ ஒருவரின் மருந்துக்கடையில் பெட்டி தூக்கி, மருந்துப் பேர்களை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாகக் கடை வைத்தவர். அந்தச் சட்டத்தில் என் பேர் வந்துவிட்டால் அவர் யாருக்காகவும் எழுந்து நிற்க வேண்டாம். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நான் பி.யூ.சி. முடித்ததும் தமிழ் இலக்கியம் படிக்கிறேன் என்று சொன்னேன்.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. பி.யூ.சி.யில் எங்களுக்குத் தமிழ் எடுத்தவர் ஒரு பழைய பாட்டைச் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டினார். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி, பாறைச் சூட்டைப் பற்றி, யாரோ எனக்கு முன்னாலேயே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தோன்றியது. அதற்குப் பிறகு வேறு வகுப்பில் உட்கார்ந்திருப்பதே தண்டனையாகிவிட்டது.

"கெமிஸ்ட்ரி கெடைக்கலியா?" என்று கேட்டார் அப்பா.

"கெடைக்கும் நைனா. எனக்கு வேணாம்." எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"பின்ன?"

"தமிழ் படிக்கிறேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். "தமிழ்தான் இவனுக்குத் தெரியுமே. அதப் போயி காலேஜில படிக்கிறதுக்கு இன்னா இருக்குது?"

"எனக்கின்னா தெரியும்? அவனக் கேளுங்க."

"நாலு பேரு கேட்டா நான் இன்னான்னு சொல்றது? மெடிக்கல் ஷாப்பு வெச்சிக்கினு புள்ளயத் தமிழ் படிக்க வெச்சிக்கிறான்னு எங்க அண்ணனுங்களே சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. புடிக்காததப் படிச்சி பெயில் ஆனா மட்டும் சிரிக்க மாட்டாங்களா?"

சில நாள் அப்பா என்னோடு பேசவே இல்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். கல்லூரியில் சேர்கிற அன்று காலை மட்டும் அவரே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு கிளம்பினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் போட்டார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"படி. பீசு நான் கட்டறேன். இன்னா பொஸ்தகம் வேணுமோ கேளு, வாங்கித் தரேன். ஆனா கடையில சொல்லாத."

நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். இவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அப்பா கடையில் என்ன சொல்லியிருந்தார் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. கடலை மண்டிக்காரர் ஒருவர் தினமும் எங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அப்பாவுக்கு நெருங்கிய சிநேகிதர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். "இன்னா தம்பி, கெமிஸ்ட்ரி எடுத்துக்கினியாமே? அப்புறம் மெட்ராஸ்ல பார்மசியாம். சபாஷ்" என்றார் அவர். அப்பா மருந்து அலமாரியைப் பார்த்துத் திரும்பி, அடுக்கியிருந்த பாட்டில்களையே மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் "ஆமா மாமா" என்றேன்.

சாயந்திரங்களில் கடையில் உட்காருவது என் வேலை. இலக்கணப் புத்தகங்களுக்கு மருந்துக் கம்பெனிக் காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்துக்கொண்டேன். யாராவது வந்தால் புத்தகத்தைக் கல்லாப் பெட்டிக்குக் கீழே சரிய விட்டுவிடுவேன். மற்ற பையன்கள் வேறு எதையெல்லாமோ ஒளித்துப் படித்த வயதில், நான் யாப்பிலக்கணத்தை ஒளித்துப் படித்தேன்.

அதைவிடக் கஷ்டம், மருந்து வாங்க வருகிறவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்டது. "கெமிஸ்ட்ரி படிக்கிற புள்ள நீ. இந்த ரெண்டு மாத்திரயும் ஒண்ணா போட்டுக்கலாமாப்பா?" என்பார்கள். அப்பா என் வாயையே பார்ப்பார். "எதுக்கும் டாக்டரக் கேட்டுக்கிங்க" என்பேன். எப்போதும் அதே பதில்தான். "பாரு, எவ்ளோ அடக்கம்!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தீபத் திருவிழாக் கூட்டத்தில் கால் வெடித்து, தலைவலித்து, வாந்தியெடுத்து வருகிற வெளியூர்க்காரர்களிடம்கூட அப்பா, "எம் பையன் கெமிஸ்ட்ரி" என்று சொல்லிவிடுவார். அவர்களுக்கு அது தேவையே இல்லை. தைலம் வாங்கிக்கொண்டு போகிற அவசரம் அவர்களுக்கு. எனக்குக் காது சுடும்.

இத்தனைக்கும் அவர் சொன்ன வாக்கில் ஒன்றைக்கூடத் தவறவில்லை. சரக்கு எடுக்க மெட்ராஸ் போகும்போது, நான் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்த புத்தகங்களைத் தேடிப் பழைய புத்தகக் கடைகளில் அலைவார். வாய்க்குள் நுழையாத பேர்களைக் கடைக்காரரிடம் எழுத்துக் கூட்டிக் கேட்டிருப்பார். திரும்பி வந்ததும் காலி குளுகோஸ் அட்டைப்பெட்டிக்குள் அவற்றை வைத்து, மேலே பஞ்சுச் சுருள் போட்டு மூடி, கடை வழியாக வீட்டுக்கு அனுப்புவார். ஒருமுறை பெரிய அகராதி ஒன்று வேண்டும் என்று கேட்டேன். அதை வாங்குவதற்காக அன்றைக்கு எடுக்க வேண்டிய சரக்கில் பாதியை விட்டுவிட்டு வந்தார் என்று பிறகு அம்மா சொன்னாள். எனக்குக் கோபப்படவும் முடியவில்லை, சந்தோஷப்படவும் முடியவில்லை. தப்பான வழியில் பிறந்த பிள்ளைக்குத் திருட்டுத்தனமாகச் செலவு செய்கிறவரைப்போல அவர் என் படிப்புக்குச் செலவு செய்தார்.

இரண்டாம் வருடம் நடக்கும்போது அது நேர்ந்தது.

எங்கள் தமிழ்த் துறையின் தலைவர் அப்போதுதான் எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு மாறி வந்திருந்தார். உயரமானவர், மெதுவாகப் பேசுகிறவர். அவர் மனைவிக்கு மூச்சிரைப்பு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், டாக்டர் சீட்டோடு எங்கள் கடைக்கு வந்தார். கடையில் மண்டிக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அடி அண்ணாமலையிலிருந்து கைக்குழந்தையோடு வந்த ஒரு அம்மாள் நின்றிருந்தாள். நான் கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். அப்பாவைப் பார்த்துக் கை கூப்பினார்.

"நீங்கதான் இவனோட அப்பாவா? ரொம்ப நாளாப் பார்க்கணும்னு இருந்தேன். நான் காலேஜ்ல தமிழ்த் துறையில இருக்கிறேன். இந்த வருஷம் எங்க வகுப்புல இவனை மாதிரி ஒரு மாணவன் இல்லைங்க. பிள்ளையைத் துணிஞ்சு தமிழ் படிக்க அனுப்பியிருக்கீங்க. எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?"

மண்டிக்காரர் பேப்பரை இறக்கவில்லை. ஆனால் பக்கம் திருப்பும் சத்தம் நின்றுவிட்டது.

அப்பா சிரித்தார். கடைக்கு வரும் எல்லாரிடமும் சிரிக்கிற சிரிப்பு அது.

"சார் வேற யாரையோ நெனச்சிக்கினு பேசறாரு" என்றார். அதை அவரிடம்கூடச் சொல்லவில்லை, மண்டிக்காரரிடம் சொன்னார். பிறகுதான் அவர் பக்கம் திரும்பினார். "இவன் கெமிஸ்ட்ரிங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைத் தூக்கவில்லை. வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் ஒரு மாத்திரையை நடுவில் நறுக்கிவிட்டேன். வெள்ளைத் தூள் விரலில் ஒட்டியது. கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. யாராவது எதையாவது பேசினால் போதும் என்று இருந்தது.

அவரே பேசினார். "அப்படிங்களா? முகச்சாயல் ஒரே மாதிரி இருந்தது. மன்னிச்சுக்குங்க" என்றார். மருந்தை வாங்கிக்கொண்டு, எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனார். தன் மாணவனுக்கு, தெரியாத ஒரு கடைக்காரப் பையனுக்குப் போடுவதைப்போல, கும்பிடு போட்டார்.

மத்தியானம் கடையை மூடும்போது அப்பா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குனிந்த நிலையிலேயே கேட்டார். "அவரு நாளைக்கு உன்னக் கேப்பாரா?"

"தெரியல நைனா."

"கேட்டா இன்னா சொல்லுவ?"

"தெரியல."

வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அம்மா என்ன என்று கேட்டதற்கு, "வெயிலு ஜாஸ்தி" என்றார்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் துறைத் தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவை அவரே சாத்தினார்.

"அப்பாவுக்குத் தெரியாமல் படிக்கிறாயா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அப்பா தப்பித்திருப்பார். பிள்ளை ஏமாற்றுகிறான், பாவம் தகப்பனுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகியிருக்கும். வழியெல்லாம் அதைத்தான் சொல்வதாக நினைத்துக்கொண்டு போயிருந்தேன். ஆனால் அந்தக் குளுகோஸ் பெட்டி நினைவுக்கு வந்தது. அப்பா வாங்கித் தந்ததை எல்லாம் இல்லை என்று சொல்வதாக ஆகிவிடும் என்று பட்டது.

"தெரியும் ஐயா. அவர்தான் படிக்க வைக்கிறார்."

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. தெரியக்கூடாத ஒன்றைத் தெரிந்துகொண்டுவிட்ட சங்கடம்தான் அவர் முகத்தில் இருந்தது.

"சரி. இனிமேல் நான் அந்தக் கடைக்கு வரவில்லை. உங்கள் அப்பாவுக்குத் தொந்தரவாக இருக்கும்" என்றார்.

அப்படியே செய்தார். மருந்து வாங்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போவார். போகிற வழியில் எங்கள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். எதிர்ச் சாரியில், கோபுரத்தைப் பார்த்தபடி, இந்தப் பக்கம் திரும்பாமல் போவார். மழைக்காலத்தில் மனைவிக்கு இரைப்பு அதிகமாகும்போது வேகமாகப் போவார். அவருக்கு வேண்டிய மருந்து எங்கள் கடை அலமாரியில், என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். அவர் தலை தெரிந்ததும் அப்பா எதையாவது எடுக்கக் குனிந்துகொள்வார். நானும் குனிந்துகொள்வேன். நான் படித்து முடிக்கிறவரை இது நடந்தது. வகுப்பில் அவர் முன்னைப் போலவே பாடம் நடத்தினார், என்னை ஒருநாளும் வேறு மாதிரி நடத்தவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பி.ஏ.வுக்குப் பிறகு அப்பா என்னை எம்.ஏ. படிக்கவும் அனுப்பினார். "மெட்ராஸ்ல மேல்படிப்பு" என்று கடையில் சொன்னார். அது பொய்யில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்திருக்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளியில் எனக்குத் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. "வாத்தியார் வேலை" என்று மட்டும் சொன்னார். பார்மசி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சுவரில் அந்த வெளியூர்க்காரரின் சட்டம் அப்படியே தொங்கியது. அவர் வந்தால் அப்பா அப்படியே எழுந்து நின்றார்.

சில வருடங்களில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. லீவு நாட்களில் நான் கடையில் உட்கார்ந்தேன். அப்படி ஒருநாள் மண்டிக்காரர் வந்து, வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிக்கிறேன்பா. பத்திரிகைக்கு நீதான் எழுதித் தரணும். அந்த அச்சாபீஸ்காரன் எல்லாருக்கும் ஒரே மாதிரி போடறான். தமிழ் படிச்சவன் நீ இருக்கும்போது அவங்கிட்ட எதுக்குப் போவணும்?"

எண்ணிக்கொண்டிருந்த சில்லறையைக் கல்லாவில் போட்டேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா? அன்னிக்கு எங்க காலேஜ் சார் வந்தாரே, அதுலயா?"

"அதுக்கு முன்னாடியே தெரியும்பா. எங்க அக்கா பையன் அந்தக் காலேஜில தானே கெமிஸ்ட்ரி படிச்சான்? நீ அந்தக் க்ளாஸ்ல இல்லன்னு மொதல் வாரமே வந்து சொல்லிட்டான். இந்தத் தெருவுல யாருக்குத் தெரியாது?"

"அப்ப ஏன் யாரும் கேக்கல?"

"உங்கப்பா ஆசையா சொல்லிக்கினு இருந்தாரு. நாங்களும் கேட்டுக்கினு இருந்தோம். அதுல எங்களுக்கு இன்னா கம்மியாப் போச்சு?"

"மாத்திரை பத்தி எல்லாம் எங்கிட்ட கேப்பாங்களே?"

அவர் சிரித்தார். "உன்னக் கேட்டா உங்கப்பா மூஞ்சி எப்படி ஆவும்னு பாத்துக்கிறியா நீ? அதுக்காகக் கேக்கறதுதான்."

நாங்கள்தான் தெருவை ஏமாற்றுகிறோம் என்று இத்தனை வருடம் கூசிக்கொண்டிருந்தேன். தெரு எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. கல்லாப் பெட்டிக்குக் கீழே புத்தகம் சரிவதை எத்தனை பேர் பார்த்துவிட்டுப் பார்க்காதவர்களாக நின்றார்களோ! உண்மையில் ஒருவர்தான் எதுவும் தெரியாமல் வந்தார். அவரைத்தான் நாங்கள் திருப்பி அனுப்பினோம்.

அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்திரிகை அச்சாகி வந்ததும் மண்டிக்காரர் முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுதியிருந்த நாலு வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

"யாரு எழுதினது?" என்று கேட்டார் அப்பா. வாய் குழறினாலும் புரிந்தது.

"உங்க கெமிஸ்ட்ரிதான்."

அம்மா தண்ணீர்ச் செம்போடு கதவோரம் நின்றிருந்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நல்லாயிருந்த வலது கையால் போர்வையைத் தேடி, மார்பு வரைக்கும் இழுத்துக்கொண்டார். உடம்பை மறைத்துக்கொள்கிறவரைப்போல இழுத்தார். மண்டிக்காரர் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று என்னைப் பார்த்தார். அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"நல்லா இருக்குதா?"

"ரொம்ப நல்லா இருக்குதுங்க. சம்பந்தி வீட்டுல கேட்டாங்க, யாரு எழுதனதுன்னு."

அப்பா என்னைப் பார்க்கவில்லை.

அதற்குச் சில மாதம் கழித்து, புதிதாக வேலைக்கு வந்திருந்த மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர் அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். கழுத்தில் டை கட்டிய சின்னப் பையன். மரியாதைக்காக அப்பாவிடம், "சன் என்ன பண்றாருங்க?" என்று கேட்டார்.

அப்பா என் பக்கம் தலையை அசைத்தார். "அவனையே கேளு."

"கீழ்பென்னாத்தூர் ஸ்கூல்ல இருக்கேன்" என்றேன்.

"என்ன சப்ஜெக்ட் சார்?"

"சயின்ஸ்."

யோசித்துச் சொன்னதல்ல. அப்பா இருக்கிற அறையில், மருந்துக்காரர் ஒருவர் கேட்டால், என் வாயில் வருவது அதுதான். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

அப்பா கட்டிலிலிருந்து எழப் பார்த்தார். முடியவில்லை. கோணிய வாயால் ஒரு தடவை முயன்று, எச்சிலைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முயன்று சொன்னார்:

"தமிழு. தமிழ் வாத்தியாரு."

அவர் அதை ஒரு வெளியாளிடம் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"அப்படிங்களா" என்றார் ரெப். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். பையைத் திறந்து, புது இருமல் மருந்தின் விளம்பர அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டு, அதில் அச்சடித்திருந்ததை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தேன், அப்பா பக்கம் திரும்பாமல்.